கரீபியனில் குடும்பத்தோடு ஒரு வாரம் பாய்மரப் படகில்: முதல்முறை போகிறவர்களுக்கு

போன மே மாதம் இரண்டு குடும்பமாக, நான்கு பெரியவர்களும் நான்கு பிள்ளைகளும், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் ஏழு இரவு பாய்மரப் படகிலேயே தங்கித் தீவு தீவாகச் சுற்றிவந்தோம். உண்மையில் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே போயிருக்க வேண்டியது. படகுக்கு முன்பணம் கட்டி, விமான டிக்கெட் எடுத்து, பிள்ளைகளுக்கு நீச்சல் கண்ணாடிகூட வாங்கிய பிறகுதான் என் கணவருடைய அமெரிக்க விசா முத்திரை முடிந்து எட்டு மாதம் ஆகிறது என்று கண்ணில் பட்டது. தேதி மாற்றியதற்குக் கட்டணம், டிக்கெட் ரத்து, நாத்தனாரின் நீண்ட மௌனம் என்று நல்ல விலை கொடுத்தோம். காற்றும் அலையும் எங்களைப் பெரிதாகப் படுத்தவில்லை. வேலைகளைச் செய்த வரிசைதான் படுத்தியது. கீழே இருப்பது நாங்கள் செய்திருக்க வேண்டிய வரிசை.

1. முதலில் பாஸ்போர்ட், அப்புறம்தான் படகு

இந்தத் தீவுகள் பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. புழங்கும் பணமோ அமெரிக்க டாலர். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் இரண்டும் அமெரிக்காவுடையவை. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கிறீர்களா? செயின்ட் தாமஸ் வரை போவது உள்நாட்டுப் பயணம். அங்கே ஃபெர்ரி ஏறி, பிரிட்டிஷ் தீவுகளில் பெரியதான டோர்டோலாவில் இறங்கிய நிமிடம் நாட்டை விட்டு வெளியே போய்விட்டீர்கள். திரும்பி நுழைய பாஸ்போர்ட்டில் தேதி முடியாத விசா முத்திரை வேண்டும். ஐ-797 அனுமதிக் கடிதத்தை மட்டும் நீட்டினால் போதாது. முத்திரை முடிந்திருந்தாலும் கனடா, மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்வரலாம் என்று ஒரு சலுகை உண்டு. "மெக்சிகோவுக்குப் போனோமே, ஒன்றும் கேட்கவில்லையே" என்று என் கணவர் சாதித்தது அதை வைத்துத்தான். ஹெச்-1பி வேலை விசா வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கரீபியன் தீவுகளுக்குக் கிடையாது.

இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்கள் மயாமி அல்லது சான் ஹுவான் வழியாக வந்தால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா தேவை. அது இல்லாதவர்கள் ஆன்டிகுவா, செயின்ட் மார்ட்டின் போன்ற தீவுகள் வழியாக வரப் பார்க்கலாம். ஆனால் அந்தந்தத் தீவின் விசா விதியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குள் நுழைய, செல்லுபடியாகும் அமெரிக்க விசாவைக் காட்டியதால் எங்களிடம் தனி விசா கேட்கவில்லை. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதை அந்தத் தீவுகளின் குடிவரவுத் துறையிடம் எழுதிக் கேட்டு, பதில் மின்னஞ்சலை அச்செடுத்து வையுங்கள். விமானம் ஏற்றும் இடத்தில் அந்தக் காகிதம் பேசும்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய பெயர்ச் சிக்கல். என் கணவரின் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர். எனக்கு என் அப்பா பெயர். பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று கடைசிப் பெயர்கள். டோர்டோலாவின் தலைநகரான ரோடு டவுன் ஃபெர்ரி நிலையத்தில் இருந்த அதிகாரி நான்கு பாஸ்போர்ட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பி, என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் யார்?" என்று கேட்டார். கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதையும் திருமணச் சான்றிதழ் நகலையும் கைப்பையில் வையுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு எடுத்துப் போங்கள். படகுக் கம்பெனி கேட்கும் பயணிகள் பட்டியலிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் வேண்டாம்.

2. மாதம் தேர்வு

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். விலை குறைவாகத்தான் இருக்கும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் இந்தத் தீவுகளைப் புரட்டிப்போட்டதை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலை உச்சம். போதாக்குறைக்கு டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காற்று முரட்டுத்தனமாக வீசும். 'கிறிஸ்துமஸ் காற்று' என்றே அதற்குப் பெயர். 25 நாட் வேகம், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர், சாதாரணம். சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் என் தேர்வு. காற்று அடங்கியிருக்கும், படகு வாடகை இறங்கியிருக்கும், இரவில் படகு கட்ட இடமும் கிடைக்கும். எங்கள் டிசம்பர் தப்பிப்போனது ஒரு வகையில் நல்லதுக்குத்தான். நாத்தனாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

எந்த மாதமானாலும் பயணக் காப்பீட்டை முன்பணம் கட்டும் வாரத்திலேயே எடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குப் பணம் தராது.

3. யார் ஓட்டப் போகிறீர்கள்?

மூன்று வழிகள். படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டலாம். படகோடு, அதை ஓட்ட ஸ்கிப்பர் என்கிற படகோட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். அல்லது ஸ்கிப்பர், சமையல்காரர், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவிடலாம்.

இங்கே படகோட்ட அரசாங்க உரிமம் கட்டாயமில்லை. ஆனால் எந்த அளவுப் படகை, எங்கே, எத்தனை நாள் ஓட்டியிருக்கிறீர்கள் என்று அனுபவக் குறிப்பு ஒன்றைக் கம்பெனி கேட்கும். ஏரியில் இரண்டு வார இறுதி வகுப்பு முடித்த தைரியத்தில் என் நாத்தனார் கணவர் தானே ஓட்டுவதாகச் சொன்னார். கம்பெனி பார்த்துவிட்டு ஸ்கிப்பர் கட்டாயம் என்றது. அந்தக் கம்பெனிக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். ஸ்கிப்பருக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 300 டாலர், கடைசியில் அன்பளிப்பு தனி. முதல்முறை என்றால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பொறி: ஸ்கிப்பரும் ஓர் ஆள். அவருக்குப் படுக்க இடம் வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. நாங்கள் நான்கு அறைக்கு எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். ஒன்பதாவது ஆள் படகுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இரண்டு பையன்களும் ஏழு இரவும் சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கிப் படுத்தார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம். காலையில் காபி போட வந்த எனக்குத்தான் கால் வைக்க இடமில்லை.

4. எந்தப் படகு, ஒப்பந்தத்தில் என்ன

குடும்பத்துக்கு இரட்டை உடல் கேட்டமரன்தான். நம் கட்டுமரம்தான் ஊர் சுற்றிவிட்டு இந்தப் பெயரில் திரும்பியிருக்கிறது. ஒற்றை உடல் படகு மலிவு, ஆனால் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தே போகும். அடுப்பில் இருப்பதும் பிள்ளைகளும் சேர்ந்து சரிவார்கள். கேட்டமரன் அவ்வளவாகச் சாயாது, நடக்க இடமும் தாராளம்.

ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடிப் படியுங்கள்:

சேதப் பொறுப்பு. பல ஆயிரம் டாலர் பிணைத்தொகை வைக்க வேண்டும், அல்லது நாளுக்கு இவ்வளவு என்று திரும்பி வராத ஒரு கட்டணம் கட்டிப் பிணைத்தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம், நாளுக்கு 50 டாலர். பிணைத்தொகையை கிரெடிட் கார்டில் பிடித்துவைப்பார்கள், அதற்கு வரம்பு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

சின்னப் படகான டிங்கியும் அதன் மோட்டாரும் அந்தக் கட்டணத்துக்குள் வருமா, தனியா? பெரும்பாலும் இங்கேதான் கை வைப்பார்கள்.

படகு உலாவும் அனுமதி, தேசியப் பூங்கா அனுமதி இரண்டும் விலையில் சேர்ந்ததா? எங்கள் விலைச்சீட்டில் இல்லை, கரையில் வந்து கட்டினோம்.

பிள்ளைகளுக்கான உயிர்காப்பு உடை. ஒவ்வொருவரின் எடையையும் எழுதி முன்கூட்டியே கேளுங்கள். போன பிறகு கேட்டால் பெரியவர்களுடையதைத்தான் நீட்டுவார்கள்.

5. போய்ச் சேருவது

டோர்டோலாவின் விமான நிலையம் பீஃப் தீவில் இருக்கிறது. இரண்டையும் ஒரு பாலம் இணைக்கிறது. சின்ன ஓடுதளம், சின்ன விமானம், பெரிய டிக்கெட் விலை. அதனால் நிறையப் பேர் செயின்ட் தாமஸில் இறங்கி, அங்குள்ள ஷார்லட் அமாலி ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஃபெர்ரியில் டோர்டோலா வருகிறார்கள். எட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டால் நல்ல மிச்சம்.

பொறி: ஃபெர்ரிகள் மாலையோடு நின்றுவிடும். விமானம் பிற்பகல் மூன்றுக்கு மேல் இறங்கும் என்றால் அன்றைய கடைசி ஃபெர்ரியை நம்பாதீர்கள். விட்டுவிட்டால் செயின்ட் தாமஸில் ஓட்டல் அறை, இல்லையென்றால் பல நூறு டாலருக்குத் தனிப் படகு. படகு கையில் வரும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே டோர்டோலா சேர்ந்துவிடுவது உத்தமம். பெட்டிகளுக்கு ஃபெர்ரியில் தனிக் கட்டணம், இறங்கியதும் ஆளுக்கு 10 டாலர் சுற்றுச்சூழல் வரி. சில்லறையாக டாலர் வைத்துக்கொள்ளுங்கள்.

6. மூட்டை முடிச்சு, மருந்து, சாப்பாடு

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டவே வேண்டாம். படகில் அதை வைக்க இடமில்லை. மடித்துச் சுருட்டக்கூடிய துணிப் பைதான் சரி. செருப்பு, ஷூ எல்லாம் ஏறியவுடன் ஒரு கூடைக்குள் போய்விடும், படகில் வெறுங்கால்தான். வெயிலுக்கு நீளக்கை நீச்சல் சட்டை பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு. சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரைலின் இல்லாததாகப் பாருங்கள். பவளப்பாறைக்காக அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 முதல் இவற்றுக்குத் தடை.

கடல் குமட்டலுக்கு மருந்தைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. எது, எவ்வளவு என்று பிள்ளைகளின் டாக்டரிடம் முன்பே கேட்டுவிட்டு, படகு கிளம்புவதற்கு முந்தைய இரவே ஆரம்பியுங்கள். படகு ஓடும்போது உள்ளே குனிந்து போன் பார்ப்பதுதான் வினை. வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என் சின்னவள் முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு, "கடலை நிறுத்தச் சொல்லும்மா" என்றாள். மூன்றாம் நாள் அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை.

மளிகையை ரோடு டவுனில் வாங்கலாம். ரைட்வே, பாபிஸ் என்று சூப்பர் மார்க்கெட்டுகள் உண்டு, முன்பே சொன்னால் படகுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து கப்பலில் வருவதால் விலை கடிக்கும். அரிசி, பருப்பு, முட்டை, ரொட்டி கிடைக்கும். ஏழு நாளுக்கும் வீட்டுச் சமையல் என்று திட்டம் போடாதீர்கள். சமையலறை இரண்டு கை அகலம், அடுப்பு கேஸ், கழுவும் ஒவ்வொரு பாத்திரமும் தொட்டித் தண்ணீரைக் குடிக்கும். காலையும் மதியமும் படகில், இரவு பாதி நாள் கரையில் என்று வைத்துக்கொண்டோம். அங்கே கிடைக்கும் ரொட்டி, நம் பக்கத்திலிருந்து போன மக்கள் கரீபியனுக்குக் கொண்டுவந்த சமாசாரம்: கோழியோ ஆட்டுக்கறியோ உள்ளே வைத்துச் சுருட்டியது. பிள்ளைகள் வேறெதையும் கேட்கவில்லை.

7. படகு கைக்கு வரும் நாள்

கம்பெனி ஆள் ஒரு மணி நேரம் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். ஒருவர் அதை முழுக்கப் போனில் வீடியோ எடுங்கள். ஐந்தாம் நாள் இரவு விளக்கு அணைந்தபோது அந்த வீடியோதான் எந்த சுவிட்ச் என்று சொன்னது. ஏற்கெனவே இருக்கும் கீறல், உடைசல் ஒவ்வொன்றையும், முக்கியமாக டிங்கி மோட்டாரின் விசிறியை, படம் எடுத்துப் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் விசிறியை எடுக்கவில்லை. 90 டாலர் போனது.

கழிவறைக்கு ஒரே விதி: நீங்கள் சாப்பிடாத எதுவும் அதற்குள் போகக் கூடாது, காகிதம் உட்பட. பிள்ளைகளிடம் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். அடைத்துக்கொண்டால் அதைப் பிரிக்க வரும் ஆளுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, அதுவரை காத்திருப்பது கஷ்டம்.

8. இரவு படகைக் கட்டும் இடம்

யாரும் ஒழுங்காகச் சொல்லாத விஷயம் இது. நங்கூரம் போடுவதைவிட இங்கே பெரும்பாலும் கடலடியில் பதித்த மிதவையில்தான் படகைக் கட்டுகிறார்கள். பந்து மாதிரி மிதக்கும், கீழே கயிறு. சிலவற்றை போட்டிபால் என்ற செயலியில் அன்றன்று காலை 7 மணிக்குப் பதிவு செய்யலாம், நாங்கள் போனபோது இரவுக்கு 55 டாலர். மற்றவை முதலில் வந்தவருக்கு, அதைவிடக் கொஞ்சம் குறைவு. காலை 6.58க்கு என் கணவரும் நாத்தனார் கணவரும் ஆளுக்கொரு போனோடு, ஒரு கம்பிச் சிக்னலுக்காகப் படகின் மூக்கில் போய் நின்றது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 7.01க்கு நல்ல இடங்கள் காலி.

கட்டும் முறை: படகு காற்றுக்கு எதிராக மெதுவாகப் போகும். முன்னால் ஒருவர் கொக்கிக் கழியோடு குப்புறப் படுத்து மிதவையின் கயிற்றைத் தூக்க வேண்டும். அதன் வளையத்துக்குள் உங்கள் படகின் கயிறு இரண்டை, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று, நுழைத்துக் கட்ட வேண்டும். இன்ஜின் சத்தத்தில் கத்துவது கேட்காது, அதனால் கைச் சாடைகளை முன்பே பேசி வையுங்கள். முதல் நாள் கழியைக் கடலில் விட்டேன். கழி மிதக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கட்டி முடித்ததும் ஒருவர் கண்ணாடி போட்டுக் குதித்து, அடியில் கயிறு நைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தேசியப் பூங்கா மிதவைகள் பகலுக்கு மட்டும், இரவு அங்கே தங்க முடியாது.

9. பாதை

காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். அதனால் கிழக்கே போவது மெதுவாக, மேற்கே திரும்புவது சுகமாக இருக்கும். நாங்கள் போனது: ரோடு டவுனிலிருந்து நார்மன் தீவின் பைட் விரிகுடா, மறுநாள் கூப்பர் தீவு, அப்புறம் வர்ஜின் கோர்டா தீவின் பாத்ஸ் பார்த்துவிட்டு அதே தீவின் நார்த் சவுண்டில் இரண்டு இரவு, கடைசியில் மேற்கே யோஸ்ட் வான் டைக் தீவில் மீதி இரவுகள். முதல் நாள் தூரம் குறைவாக இருக்கட்டும், பிள்ளைகள் படகுக்குப் பழக வேண்டும்.

பாத்ஸ் என்பது யானை யானையாகக் கிடக்கும் கருங்கல் பாறைகளும், அவற்றுக்கு நடுவே கடல் தண்ணீர் தேங்கிய குகைகளும். காலை எட்டுக்குள் போய்விடுங்கள், பிறகு மிதவை கிடைக்காது. கரையில் கொடி இருக்கும், சிவப்பு என்றால் இறங்காதீர்கள். டிங்கியைக் கரை வரை கொண்டுபோக முடியாது, ஒரு கயிற்றில் கட்டிவிட்டு நீந்தித்தான் போக வேண்டும். நீந்தத் தெரியாத பெரியவர் யாராவது இருந்தால் அதே தீவின் ஸ்பானிஷ் டவுன் பக்கம் கரையேறி டாக்சியில் அனுப்புங்கள். நாத்தனார் அப்படித்தான் வந்தார், எங்களுக்கு முன்னால்.

அனெகாடா தட்டையான பவளத் தீவு, உச்சியே எட்டரை மீட்டர்தான். கடலிலிருந்து பார்த்தால் தென்னை மரங்கள்தான் முதலில் தெரியும். சுற்றிலும் பாறைத் திட்டு. அனுபவம் இல்லாமல் தானே ஓட்டுகிறவர்களைப் பல கம்பெனிகள் அங்கே விடுவதில்லை. ஸ்கிப்பர் இருந்தும் அன்று காற்று கூடுதலாக இருந்ததால் நாங்கள் விட்டுவிட்டோம்.

செயின்ட் ஜான் பக்கத்தில்தானே என்று படகைத் திருப்பாதீர்கள். அது அமெரிக்கா. இங்கே வெளியேறும் பதிவு, அங்கே க்ரூஸ் பேயில் நுழைவுப் பதிவு, திரும்பும்போது மறுபடியும். போனும் இந்தக் குழப்பத்தில் சேரும்: யோஸ்ட் வான் டைக்கில் நிற்கும்போது எதிர்க்கரை அமெரிக்கக் கோபுரத்தைப் பிடிக்கும், நூறு மீட்டர் நகர்ந்தால் ரோமிங்.

மீன் பிடிக்க வெளியூர்க்காரர்களுக்கு உரிமம் வேண்டும். பிள்ளைகள் தூண்டில் போட ஆசைப்பட்டால் முன்பே வாங்கிவிடுங்கள். கரையில் மான்சினீல் என்ற மரம் உண்டு, பச்சை ஆப்பிள் மாதிரி சின்னக் காய். காய் விஷம், பால் பட்டால் தோல் வெந்துபோகும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும் எரியும். தெரியாத காய் எதையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

10. எங்கள் கணக்கு

மே மாதம், நான்கு அறைக் கேட்டமரன் ஏழு இரவுக்கு 7,500 டாலர். ஸ்கிப்பர் 1,750, அன்பளிப்பு 300. சேதக் கட்டணம் 350. மிதவைகளுக்கு 300 சொச்சம். மளிகை 1,200, கரையில் சாப்பாடு அதே அளவு. டீசலும் தண்ணீரும் 200. அனுமதிகள், வரிகள், ஃபெர்ரி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். விமானம் இல்லாமல் எட்டுப் பேருக்குக் கிட்டத்தட்ட 14,000. குடும்பத்துக்கு ஏழாயிரம். இதே படகு கிறிஸ்துமஸ் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொன்னார்கள்.

தண்ணீரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தொட்டி பெரியதாகத் தெரியும், ஒன்பது பேர் ஊரில் மாதிரிக் குளித்தால் மூன்றாம் நாளே காலி. படகின் பின்படியில் கடலில் குளித்து, கடைசியில் நல்ல தண்ணீரை அரை நிமிடம் ஊற்றிக்கொள்வது என்று முதல் நாளே சட்டம் போடுங்கள்.

11. திரும்பும் நாள்

படகைக் காலை 11 அல்லது 12 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் டீசல் நிரப்ப வரிசையில் நிற்க வேண்டும், எங்களுக்கு முன்னால் ஆறு படகு. பிறகு ஓர் ஆள் குதித்துப் படகின் அடியைப் பார்ப்பார், கரண்டி முள் வரை எண்ணுவார்கள். அதனால் அன்றைக்கே விமானம் என்றால் மாலை விமானமாக எடுங்கள். செயின்ட் தாமஸ் விமான நிலையத்திலும் அமெரிக்கக் குடிவரவு, சுங்கச் சோதனை உண்டு, வரிசை நீளம். ஃபெர்ரி ஏறுமுன் ஆளுக்கு 20 டாலர் புறப்பாட்டு வரி. அதைக் கட்டும் ஜன்னலும் பாஸ்போர்ட் காட்டும் ஜன்னலும் வேறு வேறு, முதலில் வரி ஜன்னல். நாங்கள் மாற்றி நின்று, மறுபடி கடைசியில் போய் நின்றோம்.